செலவறிதல்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

நெல்லைப் படியாலும், துணியை முழத்தாலும், பொன்னைக் குன்றிமணியாலும் அளந்து பழகியவர் நம் முன்னோர். அவர் வழிவந்த நாமோ, ஓராண்டில் நம் கையினின்றும் எத்துணைப் பொருள் சென்றது, அஃது எவ்வெவ் வழியிற் சென்றது என ஒருவர் வினவின், விடைகூற வல்லமல்லேம். 'ஏதோ ஆயிற்று' என்பதே நம்மிற் பலர் தரும் விடை. இவ் 'ஏதோ' என்னுஞ் சொல்லைப் பிரித்துக் காண்டல் மாணவர்க்கு இன்றியமையாத கல்விகளுள் ஒன்று என்பதும், அக்கல்வியின் பயன் சிக்கனம் ஒன்றே அன்று என்பதும் இக்கட்டுரையிற் கூறப்புகும் கருத்துகளாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். செலவு என்பதற்குப் பண்டைத் தமிழிற் போதல் என்பதே பொருள். பொருள் தேடத் தலைவன் பிரிந்து போவதும் செலவே. தேடிய பொருள் கைவிட்டுப் போவதும் செலவே. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்திலே, வரவும் தரவும் தன்மை முன்னிலை ஆகிய ஈரிடத்திற்கு உரியன எனவும், செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன எனவும் வரையறுத்தார். அவர் கூறியது சொற்களின் இடவரையறையே. எனினும் பொருளியல் நூலோர் பல பக்கங்களில் விரித்துரைக்கும் உண்மை ஒன்று அவ்விலக்கணத்துள் ஒளிந்து கிடப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. வரவு 'எனக்கு', 'உனக்கு' என நிற்பது. செலவு எஞ்ஞான்றும் 'அவனுக்கு' எனப் படர்க்கையை நோக்கி ஓடுவது. ஆகவே செலவை ஆராய்வான் ஒருவன் தன்னை மட்டும் ஆராய்வதில்லை. தன் பணம் சென்று சேரும் பிறரையும் உடன் ஆராய்கின்றான்.

இனி, செலவை வகைபிரித்து எழுதுதல் மேனாட்டார் கற்பித்த புதுவழக்கம் எனக் கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கற்களைப் படிப்பார்க்கு இது விளங்கும். இறைவன் நீராடும் நீரில் இடும் ஏலத்திற்கும் செண்பக மொட்டிற்கும் ஆகுஞ் செலவு இவ்வளவு, அதன்பொருட்டு வைத்த முதல் இவ்வளவு, அம்முதலைக் கொண்ட ஊரார் ஆண்டுதோறும் தரும் வட்டி இவ்வளவு என்று வகைவகையாக அங்கே வெட்டப்பட்டுள்ளது. செலவை எழுதியதோடு அமையாது, அச்செலவு எவர் உழைப்பினின்று வந்தது என்பதையும் உடன் எழுதியதே அக்கணக்கின் சிறப்பு. வள்ளுவனாரும் ஈகையின் அளவையும் வரவு செலவின் அளவையும் பொருள் செயல்வகையிலே வையாது, வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதி நான்கு குறள்களிலே வைத்தார். படைவலி அறியாது போர்க்குச் செல்லும் அரசனும், கைப்பொருள் அளவறியாது வாழும் குடிமகனும் அவர் கண்ணுக்கு ஒரு நிகரானவரே. கோபுரம் கட்டத் தொடங்குவான் முன்னர் அமர்ந்து செலவைக் கணக்கிடானோ என்று லூக்கா நற்செய்தியில் வரும் வினாவும் இக்கருத்தினதே. காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனிற் சட்டம் பயின்ற மாணவராயிருந்தபோது, வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை ஈறாக ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு உறங்குமுன் கணக்கை நேர்செய்து வந்தார் எனத் தம் வரலாற்றிற் கூறியுள்ளார். பிற்காலத்திற் பெரும்பெரும் பொதுநிதிகளைக் கடனின்றி நடத்தும் ஆற்றலை அப்பழக்கமே தமக்கு அளித்தது என்பது அவர்தம் துணிபு.

தனிமனிதர் கணக்கு இவ்வாறாக, பல குடும்பங்களின் செலவை ஒருங்குவைத்து நோக்கிய அறிஞரும் உளர். செருமானியராகிய எர்ன்சுட்டு எங்கெல் என்பார் 1857-ஆம் ஆண்டிலே, பெல்சியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கை ஆராய்ந்து, வருவாய் குறையக் குறைய உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்று நிறுவினார். நம் நாட்டிலே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராயிருந்த கில்பர்ட்டு சிலேட்டர், தம் மாணவரை விடுமுறையிலே தத்தம் ஊர்க்கு ஏவி, ஊரார் நிலம், தொழில், கூலி, கடன் முதலியவற்றை வினவி எழுதிவரச் செய்தார். அதன் பயனாக 1918-ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களை உலகறியச் செய்தது. நம்மைப் போன்ற இளைஞர் தாள் கையேந்தித் தம் தெருவிலே தொகுத்த செய்திகள் அவை என்பதை நாம் மறத்தலாகாது.

நம் கோவை மாநகரும் இவ்வகைக் கணக்கிற்குப் புதிதன்று. ஆலைத் தொழிலாளர் 'பஞ்சப்படி' என வழங்கும் அகவிலைப்படிக்கு அடிப்படையாயுள்ளது தொழிலாளர் நுகர்வு விலைக் குறியீட்டெண். அதனைக் கணிக்கத் தேர்ந்தெடுத்த நடுவங்களுள் கோவையும் ஒன்று. 2016-ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்ட வரிசைக்கு இந்திய நாடெங்கும் 88 நடுவங்கள் அமைந்தன. தொழிலாளர் குடும்பங்களை வினவி, அவர்தம் செலவை உணவு, வெற்றிலை பாக்குப் புகையிலை, எரிபொருள் விளக்கு, வீடு, உடை காலணி, இதரம் என ஆறு தொகுதிகளாக வகுத்தனர். 2001-ஆம் ஆண்டு வரிசையில் நூற்றுக்கு 46.20 ஆக இருந்த உணவின் பங்கு, 2016-ஆம் ஆண்டு வரிசையில் 39.17 ஆகக் குறைந்தது. இதரத்தின் பங்கோ 23.26-இலிருந்து 30.31 ஆக உயர்ந்தது. நடுவணரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வும் இதனையே வேறோர் வாயிலாற் காட்டும். 1999–2000-இல் நாட்டுப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு நூற்றுக்கு 59.40; 2022–23-இல் அது 46.38. அரிசி, கோதுமை முதலிய தானியத்தின் பங்கு மட்டும் 22.23-இலிருந்து 4.91 ஆக வீழ்ந்தது.

இவ்வெண்களைப் படித்தபின், என் ஓராண்டுச் செலவையும் அவ்வண்ணமே வகைபிரித்தல் வேண்டும் என்னும் அவா எனக்கு உண்டாயிற்று. 2024 சூன் முதல் 2025 மே முடிய, கல்லூரியின் முதலாண்டு முழுவதும், நாடோறும் எழுதிய சிட்டையினின்று தொகுத்த பேரேடு இது. எம் ஊர் சோமனூரை அடுத்த நெசவூர். எந்தை சில விசைத்தறிகளை வைத்துக்கொண்டு கூலிக்கு நெய்து கொடுப்பவர். எம் அன்னையார் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றிற் செக்கிங் வேலை பார்ப்பவர். யான் விடுதியிற் றங்கிப் பயில்பவன். இத்தகைய குடும்பத்தினின்று வந்தார் நம் கல்லூரியிற் பலராகலின், இக்கணக்கு என் ஒருவன் கணக்கு மாத்திரம் அன்று.

முதலில் வரவு. எந்தையார் தந்தது 40,000 ரூபாய். அன்னையார் தந்தது 14,530. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி புகும் ஆண்மாணவர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகத்து 9-ஆம் நாள் நம் கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கப்பெற்றது; அதனால் அவ்வாண்டில் எனக்கு வந்தது 10,000. விடுமுறையிலே திருமண மண்டபங்களிற் பந்தி பரிமாறி ஈட்டியது 1,500. ஆக வரவு 66,030.

இனிச் செலவு. விடுதிக்கு 32,000, இதனுள் உணவு 24,000, அறை 8,000. கல்லூரிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் 9,400. வெளியே அருந்திய தேநீர், சிற்றுண்டி 5,480. பேருந்து 3,860. உடை, செருப்பு 3,300. நூல், குறிப்பேடு, ஜெராக்ஸ் 3,140. கைப்பேசிக் கட்டணம் 2,760. காணிக்கையும் மொய்யும் 1,900. மருந்து 1,240. இதரம் 2,950. ஆகச் செலவு 66,030. வரவும் செலவும் ஒத்தன. ஐந்தொகையில் மிச்சம் யாதும் இல்லை.

இக்கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்க்குத் தொகை தெரியும். வகைபிரித்துப் பார்ப்பார்க்கே வாழ்க்கை தெரியும். விடுதி உணவையும் வெளிச் சிற்றுண்டியையும் சேர்த்தால் உணவுக்குச் சென்றது 29,480. அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 45. நாட்டுப்புறக் குடும்பத்துக்கு அரசு கண்ட பங்கோடு இஃது ஏறக்குறைய ஒத்திருத்தல் காண்க. நகரில் வாழினும் என் செலவின் வடிவம் இன்னும் நாட்டுப்புறத்ததே. எங்கெல் பெருமகனார் பெல்சிய நாட்டிற் கண்ட விதி, சோமனூரினின்று வந்த மாணவன் ஒருவனின் சிட்டையிலும் தவறாது நிற்கின்றது.

அடுத்து, 'இதரம்' என்னும் வகையை நோக்குவோம். கணக்கெழுதுவார் அனைவர்க்கும் இஃதொரு புகலிடம். பெயரிட மனமில்லாத செலவெல்லாம் அங்கே சென்று பதுங்கும். என் கணக்கின் இதரத்தைத் திறந்தேன். முடிதிருத்தல் 600, சோப்பு, எண்ணெய் முதலியன 1,150, நண்பர் பிறந்தநாட் பங்கு 450, கைப்பேசியின் கண்ணாடி மாற்றியது 500, விண்ணப்பமும் அஞ்சலும் 250. அவ்வளவே. மறைபொருள் என நினைத்தது திறந்தபோது மறைபொருளாக இல்லை. ஆகவே இதரம் என்னும் வகையைக் கணக்கின் முடிவிலே ஒருமுறை கட்டாயமாகத் திறந்து பார்த்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இவ்விடத்தே மற்றொன்று குறிப்பிடற்பாலது. மேலே கூறிய தொழிலாளர் குறியீட்டெண்ணிலே, கல்வி, மருத்துவம், போக்குவரத்து ஆகிய யாவும் இதரம் என்னுந் தொகுதிக்குள்ளேயே அடங்கும். புள்ளியியலார்க்கு அது வசதியான பெயர். அதிற் குற்றம் இல்லை. ஆயினும் எந்தையாரின் கணக்கை அம்முறையில் எழுதினால், உணவு, வீடு, உடை, எரிபொருள் எல்லாம் தத்தம் பெயரோடு நிற்க, அவர்தம் மகனின் படிப்பு மட்டும் 'இதரம்' என நிற்கும். அக்குடும்பம் எதன்பொருட்டுத் தன் மற்றைச் செலவுகளையெல்லாம் சுருக்கிக்கொள்கின்றதோ, அதுவே பெயரின்றி நிற்கும். ஒரு தொகுதியின் பெயர் சிறிதாயிருத்தலால் அதன் பொருளும் சிறிது என நாம் எண்ணிவிடுதல் கூடாது. வகைபிரித்தல் வெறும் எழுத்துவேலை அன்று. எதற்குப் பெயர் தருகின்றோம், எதற்குத் தாராது விடுகின்றோம் என்பதிலே நம் மதிப்பீடு வெளிப்படுகின்றது.

'இக்காலத்துக் கைப்பேசிச் செயலிகளே ஆண்டிறுதியில் வட்டப்படம் வரைந்து காட்டுகின்றனவே. கையால் எழுதுவது எற்றுக்கு?' எனக் கேட்பார் உளர். 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யுபிஐ முறை நம் கடைத்தெருவை மாற்றிவிட்டது. காந்திபுரத்துப் பெருங்கடையிலும் உக்கடத்து இளநீர் வண்டியிலும் ஒரே கட்ட ஓவியம் தொங்குகின்றது. அதன் நன்மைகளை யான் மறுக்கவில்லை. சில்லறைத் தொல்லை ஒழிந்தது. சென்ற பணத்திற்குச் சான்று நின்றது. எனினும் பொறிக்குத் தெரிவது பணம் பெற்றவர் பெயர் மாத்திரமே. தேநீர்க்கடைக்காரர்க்குச் செலுத்திய இருபத்து நான்கு ரூபாய் என் பசிக்குச் சென்றதா, தேர்வில் தோற்றுச் சோர்ந்த தோழனைத் தேற்றுதற்குச் சென்றதா என்பதை அது யாங்ஙனம் அறியும்? முன்னையது உண்டி, பின்னையது நட்பு. இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடும் வட்டப்படத்தை முழுதும் நம்புதல் அறிவுடைமை ஆகாது.

மேலும், நாணயம் கையிலிருந்த காலத்தே, செலவிற்கு முன்னர்ச் சிறுபொழுது ஒன்று இருந்தது. பையைத் துழாவுதல், எண்ணுதல், எஞ்சியதைப் பார்த்தல் என்னும் இவற்றிற்கிடையே மனம் ஒருகணம் நின்றது. நம் அகப்பொருள் நூலார் இத்தகைய நிற்றலுக்கு ஓர் அழகிய பெயர் வைத்துள்ளனர். செலவழுங்குதல் என்பது அது. பொருள்வயிற் பிரியத் துணிந்த தலைவன், தலைவியின் நிலைகண்டு தன் போக்கை இடையிலே நிறுத்துவதே செலவழுங்குதல். அவ்வாறு நிறுத்துதல் போகாமல் விடுதற்கு அன்று, அவளை ஆற்றுவித்துப் பின்னர்ப் போதற்கே எனத் தொல்காப்பியனார் தெளிவாக்கினார். பணச் செலவிற்கும் இவ்விலக்கணத்தைப் பொருத்திப் பார்த்தால் எவ்வளவு பொருந்துகின்றது! செலவுக்கு முன் சிறிது நிற்பவன் உலோபி அல்லன். அவன் செலவழிப்பான், ஆனால் தன் செலவாற் பாதிக்கப்படுவாரை ஒருமுறை நினைந்து செலவழிப்பான். நாணயம் தந்த அந்த இடைவெளியை யுபிஐ எடுத்துக்கொண்டது. இரவிற் சிட்டை எழுதும் ஐந்து நிமிடம் அதனைத் திரும்பத் தருகின்றது. வலியறிதல் அதிகாரத்திலேயே வள்ளுவனார் மயிலிறகு மிகுதியால் அச்சு முறியும் வண்டியைக் காட்டினார். பன்னிரண்டு ரூபாய்த் தேநீர் ஒவ்வொன்றும் மயிலிறகே. ஓராண்டில் அது வெளியுண்டியொடு சேர்ந்து 5,480 ஆயிற்று.

இதுகாறும் கூறியதைக் கேட்போர், 'சரி, சிக்கனமாயிருக்க வேண்டும் என்பதுதானே முடிவு?' எனக் கருதக் கூடும். அம்முடிவோடு யான் முழுதும் உடன்படுவதாக இல்லை. காரணம் கூறுவேன்.

2025 மார்ச்சுத் திங்களிலே, கோவை, திருப்பூர் மாவட்டங்களிற் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர் கூலி உயர்வு வேண்டித் தம் தறிகளை நிறுத்தினர். ஏப்பிரல் வரையில் அவ்வேலைநிறுத்தம் நீடித்தது. 'தறிக்குடோன்' என எம் ஊரார் வழங்கும் நெசவுக்கூடங்களின் ஓசை, பிறந்த நாள்தொட்டு எம் செவியை விட்டு நீங்காதது. அது நின்ற ஊர் ஊராகவே தோன்றவில்லை என எம் அன்னையார் கூறினார். ஓசை நின்ற நாள்தொட்டு எந்தையாரின் சனிக்கிழமை வரவும் நின்றது. என் சிட்டையில் அம்மாதப் பக்கம் என் முன்னே உள்ளது. மற்றைத் திங்களில் ஏறத்தாழ 550 ரூபாயாக இருந்த வெளியுண்டிச் செலவு அத்திங்களில் 210 ஆயிற்று. மிச்சம் 340 ரூபாய். அதே திங்களில் விடுதிக்குச் செலுத்த வேண்டியது 3,200, தேர்வுக் கட்டணம் 1,450, ஆக 4,650. தேநீரை எவ்வளவு சுருக்கினும் 340 ரூபாய் 4,650 ஆகாது. வீட்டிற் கடன் வாங்கியே அத்தொகை கட்டப்பட்டது.

இஃது எனக்குக் கற்பித்த பாடம் பெரிது. என் ஆண்டுச் செலவிலே, என் விருப்பத்தாற் கூட்டவும் குறைக்கவும் கூடியது எவ்வளவு எனக் கணக்கிட்டேன். வெளியுண்டி 5,480, பிறந்தநாட் பங்கு 450; ஆக 5,930. நூற்றுக்கு ஒன்பது. கல்லூரிக்கும் விடுதிக்குமாக முன்னரே வரையறுக்கப்பட்டது 41,400. நூற்றுக்கு ஏறத்தாழ 63. எஞ்சியவை பேருந்து, நூல், உடை, மருந்து முதலிய தவிர்த்தற்கரியன. ஆகவே ஏழை மாணவனை நோக்கி, 'தேநீரைக் குறை, கைப்பேசியைத் தவிர், நீ உயர்வாய்' என்று உபதேசிப்பார், நூற்றில் ஒன்பதைப் பற்றிப் பேசித் தொண்ணூற்றொன்றைப் பற்றி வாய் திறவாதவர் ஆவர். கணக்கெழுதாத மாணவனுக்கு இவ்வுபதேசத்திற்கு விடையில்லை. எழுதிய மாணவனுக்கு விடை கையில் உள்ளது.

ஆதலின் செலவறிதலின் பயன் இரண்டு. சிறிய பங்கில் நம்மை நாம் ஆளுதல் ஒன்று. பெரிய பங்கைப் பற்றிச் சான்றோடு பேசும் உரிமை பெறுதல் மற்றொன்று. முதலாவதை மட்டும் சொல்வது பழைய நீதிக்கதை. இரண்டாவதை மட்டும் சொல்வது மேடைப்பேச்சு. இரண்டும் ஒரே சிட்டையின் இரு பக்கங்கள்.

வேறோர் ஆட்சேபமும் உண்டு. 'ஒவ்வொரு காசையும் எழுதுவான் அன்பையும் எழுதத் தொடங்குவான். தாய் தந்தது, தோழன் தந்தது எல்லாம் பற்று வரவாகிவிடும்' என்பர் சிலர். இவ்வச்சம் மதிக்கத்தக்கதே. ஆயினும் என் அனுபவம் வேறு. 'அன்னையார் 14,530' என்று எழுதும்போது யான் கண்டது கடன்தொகை அன்று. விளக்கொளியின்கீழ் நாள் முழுதும் நின்று பனியனின் தையலை நோக்கும் இரு கண்களே. எழுதாதிருந்தால் அஃது 'வீட்டிலிருந்து வந்த பணம்' என்னும் முகமற்ற தொகையாகவே போயிருக்கும். தஞ்சைக் கல்வெட்டிலே ஏலத்தின் பக்கத்திலே வட்டி தரும் ஊரின் பெயரும் நிற்பது போல, ஒவ்வொரு செலவின் பக்கத்திலும் அதைச் சுமந்தார் பெயர் நிற்றல் வேண்டும். காணிக்கையும் மொய்யுமாகச் சென்ற 1,900-ஐயும் யான் குறைக்கத்தக்க பங்கிற் சேர்க்கவில்லை என்பதை நோக்குக. கொடுப்பதற்கென ஒரு வகை இல்லாத கணக்கு, எத்துணைத் திருத்தமாயினும் குறையுடைய கணக்கே.

பணம் யார்பாற் சென்றது என்னும் படர்க்கை நோக்கும் வேண்டும் என முன்னர்க் கூறினேன். என் 5,480 கல்லூரி வாயிலை அடுத்துள்ள சில தேநீர்க்கடைக் குடும்பங்களின் வரவாயிற்று. 2,760 தொலைவிலுள்ள கைப்பேசி நிறுவனத்துக்குச் சென்றது. 3,300-இற் பெரும்பகுதி நம் ஊர்த் துணிக்கடைகளுக்குச் சென்று, அவற்றின் வழியே எந்தையார் போன்ற நெசவாளர் சிலர்பால் ஒரு துளியேனும் மீண்டிருத்தல் கூடும். வேலைநிறுத்தத்தின்போது யான் அருந்தாத தேநீர் தேநீர்க்கடைக்காரரின் வரவிலும் குறைந்திருக்கும். சோமனூரில் தறி நின்றால் கோவையிற் கொதிகலமும் அடங்கும். கொங்குநாட்டு வாழ்வு இத்தகைய பின்னலே என்பதைப் பொருளியற் புத்தகத்திற் படிப்பதினும் தன் சிட்டையிற் காண்டல் தெளிவுடையது.

இனி, நம் கல்லூரிப் பெரியோரிடத்தும் மாணவ நண்பரிடத்தும் ஒரு விண்ணப்பம். சிலேட்டரின் மாணவர் ஒரு நூற்றாண்டிற்கு முன்னர்ச் செய்ததை நாம் நம் கல்லூரிக்குள்ளேயே செய்தல் கூடும். ஆண்டுதோறும் மே திங்களில், விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஓராண்டு வரவு செலவைப் பத்து வகைகளாகப் பிரித்து, பெயர் எழுதாத தாளிலே வரைந்து ஒரு பெட்டியில் இடுக. வரவின் வாயில் நெசவா, வேளாண்மையா, ஆலைக் கூலியா, அரசு உதவியா என்பது மட்டும் குறிக்கப்பெறுக. பொருளியற் றுறையும் கணிதத் துறையும் அவற்றைத் தொகுத்துத் தருக. தமிழ்த் துறை யாவரும் உணரும் நடையிலே எழுதுக. இவ்வாண்டு மலரிலேயே அது வெளிவருக.

அதனாற் போதரும் பயன் யாது எனில், சில கூறுவேன். விடுதிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் ஒரே திங்களில் வந்து மோதுதல் எத்துணை வீடுகளிற் கடனாகின்றது என்பது தெரியவரும். தெரிந்தபின், கிழமைக் கூலி பெறும் குடும்பத்தார்க்கு ஏற்ற சிறு தவணைகளாகப் பிரித்தல் எளிதாகும். நூலுக்கும் படியெடுப்புக்கும் ஆகும் செலவு தெரியவரின், மேல்வகுப்பார் நூல்களைக் கீழ்வகுப்பார்க்கு வழங்கும் நூற்பண்டாரம் ஒன்று எவ்வளவு மிச்சம் தரும் எனக் காட்டலாம். பழைய மாணவராகிய பெரியோர் உதவ முன்வருங்கால், எவ்விடத்தில் எத்துணை வேண்டும் என்பதை மதிப்பாக எடுத்துரைக்கலாம். கையேந்திக் கேட்பதற்கும் கணக்கைக் காட்டிக் கேட்பதற்கும் வேறுபாடு பெரிது. முன்னையதிற் கேட்பான் தலை தாழும், பின்னையதில் உண்மையே முன்வந்து பேசும்.

இதற்கு வேண்டுவன நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றும், நாளுக்கு ஐந்து நிமிடமும், இதரத்தைத் திறந்துபார்க்கும் துணிவுமே. பொருள் மிக்கார் தம் செலவை அறியாது வாழ்தல் கூடும். அவர்க்கு அதனால் வரும் கேடு சிறிது. நம்மைப் போல்வார்க்கு அவ்வுரிமை இல்லை. நமக்காகத் தறியின் முன்னும் தையலின் முன்னும் நிற்பார் தம் உழைப்பின் ஒவ்வொரு மணியையும் அறிவர். அவ்வுழைப்பு எவ்வெவ் வழியிற் சென்றது என்பதை நாம் அறிதல் அவர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறுகளுள் முதலாவதாகும்.